பில் போடும் தேதி

அந்த ஆசிரியை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த கோப்பைத் திறந்தார். மூன்று வருடத்துக் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்கள். மாதவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் பணம் கட்டிய தேதியைப் பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

“ஒரு மாசம்கூடத் தவறினது இல்லை சார். வட்டின்னு ஒரு பைசா கட்டினது இல்லை. அப்புறம் எப்படி கிரெடிட் ஸ்கோர் இறங்கும்?”

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கேள்வியை யாராவது கேட்டிருந்தால் தவறான பதிலைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன். கடன் பிரிவில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் இரண்டு மூன்று வருடம், கார்டில் நிலுவை அதிகமாகத் தெரிந்தால் “கொஞ்சம் செலவைக் குறைச்சுக்கங்க” என்று எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அதில் பாதிப் பேருக்கு அந்த நோயே கிடையாது என்று பிறகுதான் புரிந்தது.

ஆசிரியையின் கடன் அறிக்கையைப் பார்த்தேன். கார்டின் வரம்பு 100 என்று வைத்துக்கொண்டால், நிலுவை 88 என்று பதிவாகியிருந்தது. வீட்டுச் செலவு மொத்தத்தையும் அந்த ஒரே கார்டில் போடுவாராம். சம்பளம் வந்ததும், கெடு தேதிக்கு ஐந்து நாள் முன்பாகவே முழுத் தொகையையும் கட்டிவிடுவார். அவர் பார்வையில் அவர் கடனே இல்லாதவர். அறிக்கையின் பார்வையில், வரம்பை ஏறக்குறைய முழுதாகத் தின்று முடித்தவர்.

இரண்டுமே உண்மை என்பதுதான் சிக்கல். பெரும்பாலான கார்டு நிறுவனங்கள், பில் போடும் நாளை ஒட்டி இருக்கும் நிலுவையைத்தான் கடன் தகவல் நிறுவனங்களுக்கு, அதாவது யார் எவ்வளவு கடன் வாங்கி எப்படிக் கட்டுகிறார் என்று பதிவு வைக்கும் நிறுவனங்களுக்கு, அனுப்புகின்றன. பணம் கட்டுவதற்கான கெடு அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்து வருகிறது. குளத்து நீர்மட்டத்தை மாதத்தில் ஒரே ஒரு நாள் அளந்து எழுதி வைப்பது மாதிரி. அளக்கிற நாளில் குளம் நிரம்பியிருந்தால், மறுநாளே மடையைத் திறந்து காலி செய்தாலும் ஏட்டில் நிற்பது நிரம்பிய குளம்தான். ஆசிரியை மூன்று வருடமாக ஒவ்வொரு முறையும் அளந்து முடித்த பிறகே மடையைத் திறந்திருக்கிறார்.

“பில் வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி பெரும்பகுதியைக் கட்டிருங்கம்மா. மிச்சத்தை வழக்கம்போல கெடு தேதிக்குள்ள கட்டுங்க. செலவை ஒண்ணும் மாத்த வேண்டாம்” என்றேன். அவர் நம்பாமல்தான் எழுந்து போனார். தவறே செய்யாதவரிடம் தேதியை மாற்றச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கடன் மதிப்பெண் புதிய சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் 1956இல் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஃபைகோ. கடன் தகவல் நிறுவனங்களின் பதிவுகளை வைத்து எல்லாக் கடன்களுக்கும் பொதுவாகப் பயன்படும் மதிப்பெண்ணை அது 1989இல் அமெரிக்காவில் கொண்டுவந்தது. 300 முதல் 850 வரை அளவு. அதில் ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு சுமார் 35 சதவீத எடை, எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு 30, கணக்குகளின் வயதுக்கு 15, புதிதாகக் கேட்ட கடனுக்கு 10, கடன்களின் வகைக்கு 10. நாட்டுக்கு நாடு அளவும் எடையும் மாறும். இந்தியாவின் சிபில் 300 முதல் 900 வரை போகிறது. ஆனால் ஒழுங்கும் நிலுவையும்தான் பெரிய பங்கைப் பிடிக்கின்றன என்பது நான் பார்த்தவரை எங்கும் மாறவில்லை. இந்தப் பட்டியலில் சம்பளம் இல்லை என்பதைக் கவனியுங்கள். “எனக்கு இவ்வளவு சம்பளம், எனக்கா இந்த ஸ்கோர்?” என்று கோபப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சம்பளத்தை நாங்கள் தனியாகப் பார்ப்போம். மதிப்பெண்ணுக்கு அது தெரியாது.

அந்த 30 சதவீதத்துக்குள் முக்கியமாக இருப்பது பயன்பாட்டு விகிதம். நிலுவையை வரம்பால் வகுத்தால் வருவது. எல்லாக் கார்டுகளையும் சேர்த்து ஒரு விகிதம், ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியே ஒரு விகிதம், இரண்டும் பார்க்கப்படும். மூன்று கார்டுகளில் இரண்டு காலியாக இருந்து ஒன்று மட்டும் விளிம்பு வரை நிரம்பியிருந்தால், மொத்தக் கணக்கு நன்றாக இருந்தாலும் அந்த ஒன்று உறுத்தும்.

“பயன்பாடு 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தா போதுமாமே?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். 29இல் சொர்க்கம், 31இல் நரகம் என்று அங்கே சுவர் எதுவும் கட்டி வைக்கவில்லை. குறையக் குறைய நல்லது, அவ்வளவுதான். மிக நல்ல மதிப்பெண் உள்ளவர்களின் அறிக்கைகளைப் பார்த்தால் விகிதம் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். எல்லாக் கார்டிலும் பூஜ்யம் என்பதைவிட, ஏதோ ஒன்றில் கொஞ்சம் பயன்பாடு தெரிவது சற்றுக் கூடுதல் நல்லது. கடனைக் கையாளுகிறார் என்பதற்கு ஏதாவது தடயம் வேண்டுமே.

இந்தக் கடைசி வரியை அரைகுறையாகக் கேட்டவர்களால் வந்த வினை ஒன்று உண்டு. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. ஒரு இளைஞர் வந்தார். முதல் வேலை, முதல் கார்டு. மாதாமாதம் முழுத் தொகையைக் கட்டக் கையில் பணம் இருந்தும், வேண்டுமென்றே கொஞ்சம் பாக்கி வைத்து வந்திருக்கிறார். “வட்டி கட்டினாத்தான் ஸ்கோர் ஏறும்னு ஆபீஸ்ல சீனியர் சொன்னார் சார்.” இரண்டு வருடம். கார்டு வட்டி எவ்வளவு கொடியது என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். பாக்கி வைத்துவிட்டால் அந்த மிச்சத்துக்கு மட்டும் வட்டி என்று முடியாது. வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையே பறிபோய், அடுத்து வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். பில்லில் நிலுவை தெரிந்து, அதைக் கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டினாலே பயன்பாடு பதிவாகிவிடுகிறது. அதற்கு மேல் வட்டி கட்டுவதால் ஒரு புள்ளிகூட ஏறாது. அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேசினேன்.

குறைந்தபட்சத் தொகை கட்டுகிறவர்களின் கதை வேறு. மினிமம் டியூவைத் தவறாமல் கட்டுகிற ஒருவரின் அறிக்கையில் கட்டிய வரலாறு பளிச்சென்று இருக்கும், ஒரு நாள் தாமதம் காட்ட முடியாது. ஆனால் நிலுவை மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். அவரும் நம் ஆசிரியையும் ஒரே மாதத்தில் என் மேசைக்கு வந்தால், பழைய மாதிரியான மதிப்பெண்ணில் இருவரும் ஏறக்குறைய ஒரே ஆள். இருவருக்கும் நிலுவை 88, இருவருக்கும் தாமதம் இல்லை. ஒருவர் மாதாமாதம் துடைத்துக் கழுவி வைக்கிறவர், இன்னொருவர் மூழ்கிக்கொண்டிருப்பவர். எங்கள் தொழிலில் என்னை அதிகம் சங்கடப்படுத்துவது இதுதான். புதிய கணக்குமுறைகள் சில இதைச் சரிசெய்யப் பார்க்கின்றன. 2017இல் வந்த வான்டேஜ்ஸ்கோர் 4.0, 2020இல் அறிவிக்கப்பட்ட ஃபைகோ 10டி ஆகியவை ஒரு நாள் நிலுவையோடு நிற்காமல், கடந்த மாதங்களில் நிலுவை ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கையும் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பழைய முறைகளை இன்னும் பலர் பயன்படுத்துகிறார்கள். அதனால் இயந்திரம் தருகிற எண்ணை மட்டும் பார்த்து முடிவு எழுத எனக்கு மனம் வருவதில்லை. ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.

பழைய முறையில் ஒரு நல்லதும் இருக்கிறது. நிலுவைக்கு ஞாபகம் கிடையாது. இந்த மாதம் 88 என்று இருந்தது அடுத்த மாதம் 9 ஆனால், மதிப்பெண்ணும் அந்த 9ஐத்தான் பார்க்கும். தாமதத்துக்கோ ஞாபகம் அதிகம். அமெரிக்காவில் 30 நாள் தாண்டிய ஒரு தாமதம் 7 வருடம் அறிக்கையில் நிற்கும். உபயோகிக்காத கார்டில் ஆண்டுக் கட்டணம் விழுந்து, அது தெரியாமலே மூன்று மாதம் ஓடிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தொகை அற்பம், தழும்பு பெரிது. ஆகவே நிலுவை ஏறியவரிடம் பயப்படாதீர்கள் என்பேன். கெடு தவறியவரிடம் அப்படிச் சொல்ல வாய் வராது.

இனி நான் செய்த தவறு. ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மகளின் கடனுக்குத் துணைக் கையெழுத்துப் போட வந்தார். விண்ணப்பம் தர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவரிடம் இரண்டு கார்டுகள். பழையது 19 வருடமாக இருக்கிறது, தொடுவதே இல்லை. அதன் வரம்பு 150 என்று வையுங்கள். புதியதில் வரம்பு 100, நிலுவை 45. “உபயோகிக்காத கார்டு எதுக்கு ஐயா, மூடிடுங்க, அறிக்கை சுத்தமா இருக்கும்” என்றேன். என் வார்த்தையை நம்பி மூடினார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூடுவதற்கு முன் மொத்த வரம்பு 250, நிலுவை 45, விகிதம் 18. மூடிய பிறகு வரம்பு 100, அதே 45. ஒரு பொருள்கூட அதிகமாக வாங்காமல் விகிதம் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. விண்ணப்பம் தருகிற நாளில் மதிப்பெண் இறங்கியிருந்தது. மகளுக்குக் கிடைத்த வட்டி அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். அவர் என்னிடம் கோபப்படவில்லை. “நீங்க சொன்னபடிதானே சார் செஞ்சேன்” என்று மட்டும் கேட்டார். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மறுநாள் எங்கள் பயிற்சிக் குறிப்புகளை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தேன். இந்த வேலையை நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

வங்கியே வரம்பைக் குறைத்தாலும் இதே கதிதான். உபயோகம் இல்லை என்று நிறுவனம் தானாகவே வரம்பை வெட்டும். வாடிக்கையாளர் அந்த அறிவிப்பைப் படித்திருக்கவே மாட்டார். பெரிய பொருளை மாதத் தவணையாக மாற்றியவர்களும் இதில் மாட்டுவார்கள். மாதம் கட்டுவது சிறு தொகைதான் என்றாலும், மிச்சத் தவணை பெரும்பாலும் முழுதாக வரம்பை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆண்டுக் கட்டணம் உறுத்துகிற அளவு இருந்தால் மூடுங்கள், தவறில்லை. ஆனால் கடன் கேட்கப் போகிற மாதங்களில் மூடாதீர்கள். மூடியே ஆக வேண்டுமென்றால் மற்ற கார்டின் நிலுவையைக் கட்டி இறக்கிவிட்டு மூடுங்கள். விகிதம் இறங்கட்டும் என்று அடுத்தடுத்துப் புதுக் கார்டுக்கு விண்ணப்பிப்பதும் வேண்டாம், ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு விசாரணையாகப் பதிவாகும். சொந்த அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் குறையாது. அதற்குப் பயந்து பார்க்காமலே இருப்பவர்கள் இன்றும் நிறைய.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டு தேதிகள். பில் எந்தத் தேதி போடுகிறார்கள், பணம் எந்தத் தேதி கட்டுகிறீர்கள். இரண்டாவதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. முதலாவதற்குக் கைபேசியை எடுத்துத் தேடுவார்கள். சில இடங்களில் அளக்கிற நாட்களே கூடிவிட்டன. இந்தியாவில் மாதம் ஒருமுறை என்றிருந்தது, 2025 ஜனவரியில் 15 நாளுக்கு ஒருமுறை என்று ஆனது. பழைய தவறு முன்னைவிடச் சீக்கிரம் அழியும், புதியது முன்னைவிடச் சீக்கிரம் தெரியும்.

ஆசிரியை இரண்டு மாதம் கழித்து வந்தார். புதிய அறிக்கையில் நிலுவை 7. மதிப்பெண் பழைய இடத்தையும் தாண்டியிருந்தது. செலவு அதே செலவு. “அப்ப இத்தனை நாளா நான் எதுவும் தப்பு பண்ணலையா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். கோப்பில் கடைசி ஸ்டேட்மென்டை எடுத்து, பணம் கட்டிய தேதிக்குப் பக்கத்தில் பில் போட்ட தேதியையும் பேனாவால் எழுதிக்கொண்டார்.