நாச்செஸ் டிரேஸில் இரண்டு நாள்: 444-ஆம் மைலிலிருந்து 266-ஆம் மைல் வரை

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வாடகைக் கார் எடுத்த இடத்திலேயே வயிறு எரிந்தது. இணையத்தில் இரண்டு நாளுக்கு 96 டாலர் என்று பார்த்துப் பதிவு செய்த கார். கையெழுத்துப் போடும்போது 171 டாலர். நான் கேட்காத காப்பீடு, கேட்காத சாலையோர உதவி என்று ரசீது நீண்டுகொண்டே போனது. அரை மணி நேரம் வாதாடி காப்பீட்டை மட்டும் நீக்கினேன். இது பகல் கொள்ளை. ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நல்லவேளையாக, நாங்கள் போன சாலைக்குக் காசே கிடையாது. நாச்செஸ் டிரேஸ் பார்க்வேயில் சுங்கமும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. டென்னசி, அலபாமா, மிசிசிப்பி என மூன்று மாநிலங்களைக் கடக்கும் 444 மைல். தெற்கே மிசிசிப்பியின் நாச்செஸ் ஊரிலிருந்து மைல் எண்கள் தொடங்குவதால், நாஷ்வில்லிலிருந்து போகும்போது அவை குறைந்துகொண்டே வரும். 1930-களில் தொடங்கிய வேலை 2005-இல்தான் முடிந்தது. தேசியப் பூங்காச் சேவையின் பராமரிப்பில் இருப்பதால் லாரிகளுக்கு அனுமதி இல்லை. வேக வரம்பு 50 மைல். பெட்ரோல் நிலையமும் இல்லை. ஏறுவதற்கு முன்பே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

"அக்கா, விளம்பரப் பலகை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே!" என்றான் தம்பி. அதன் பிறகுதான் நானும் கவனித்தேன். இருபுறமும் அக்டோபர் மாத மரங்கள், புல்வெளி, அவ்வளவுதான்.

438-ஆம் மைலில் இரட்டை வளைவுப் பாலம். மேலே ஓட்டிப் போனால் அதன் அழகு தெரியாது. கீழே 96-ஆம் நெடுஞ்சாலைக்கு இறங்கி அண்ணாந்து பார்க்க வேண்டும். வளைவுக்கும் அதன் மேலே போகும் சாலைக்கும் நடுவே தூண்களே இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது.

இந்தப் பயணத்தில் என்னை உலுக்கியது 403.7-ஆம் மைல். அங்கே பழைய ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம் நடக்கலாம். சிக்கசா, சோக்டா பழங்குடியினர் நடந்த தடம் இது. 1800-களின் தொடக்கத்தில் ஒஹையோ பள்ளத்தாக்குக்காரர்கள் மரப்படகில் சரக்கேற்றி மிசிசிப்பி ஆற்றோடு நாச்செஸுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் போவார்கள். எதிர்நீரில் திரும்ப முடியாது. படகையே உடைத்து மரமாக விற்றுவிட்டு, இந்தக் காட்டு வழியே வீட்டுக்கு நடப்பார்கள். ஒரு மாதத்துக்கும் மேலான நடை, இடுப்பில் சரக்கு விற்ற பணம், வழியெல்லாம் கொள்ளையர் பயம். நீராவிப் படகு வந்ததும் பாதையில் ஆள் நடமாட்டம் குறைந்துபோனது. சருகு மேல் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

385.9-இல் மெரிவெதர் லூயிஸ் கல்லறை. வில்லியம் கிளார்க்கோடு அமெரிக்காவின் மேற்கை ஆராய்ந்து பசிபிக் கரை வரை போய் வந்த மனிதர், 1809-இல் இங்கிருந்த வழிவிடுதியில் குண்டுக் காயங்களோடு இறந்தார். தற்கொலையா கொலையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அவருடைய நினைவுத் தூண் பாதியில் முறிந்ததுபோலவே செதுக்கப்பட்டிருக்கிறது. வயது 35தான்.

அலபாமாவில் டென்னசி ஆற்றங்கரை, 327.3-ஆம் மைல். சிக்கசா தலைவர் ஜார்ஜ் கோல்பர்ட் ஓடம் நடத்திய துறை. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஆண்ட்ரூ ஜாக்சனின் படையை அக்கரை சேர்க்க அவர் 75,000 டாலர் வாங்கியதாக ஒரு கதை உண்டு. அதைப் படித்ததும் தம்பி என் கையிலிருந்த கார் ரசீதைப் பார்த்தான். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். காலையிலிருந்த எரிச்சல் அங்கேதான் இறங்கியது.

266-ஆம் மைலில், மிசிசிப்பியின் டுபலோவில் இரவு. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பிறந்த இரண்டறை வீடு இந்த ஊரில்தான். பார்த்தோம், சின்ன வீடு. அதைவிட அந்தச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும்: சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி மீன், கூடவே சோளமாவு உருண்டைகள். மேலே மொறுமொறு, உள்ளே ஆவி பறக்கும் வெள்ளைச் சதை. 14 டாலருக்கு இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டோம். நாஷ்வில்லில் அந்தப் பணத்துக்கு ஒருவருக்கே போதாது.

ஞாயிற்றுக்கிழமை அதே சாலையில் திரும்பினோம். மீதம் 266 மைல் இருக்கிறது. நாச்செஸ் வரை டிசம்பரில் போகிறோம். நண்பர் தன் காரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.