ஆடிக் காற்றில் ஏறி முசிறிக்கு

எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து மலபார்க் கரையில் இருந்த நம் பழைய முசிறித் துறைமுகத்துக்கு 94 நாள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் ப்ளினி எழுதிவைத்த கணக்கைக் கூட்டினால் இது வரும். நைலில் கொப்டோஸ் என்ற ஊர் வரை 12 நாள், அங்கிருந்து பாலைவனம் தாண்டிச் செங்கடல் கரையில் உள்ள பெரனிகே துறைமுகத்துக்கு 12, செங்கடலின் தென்முனையில் உள்ள ஒகேலிஸுக்கு 30, அப்புறம் கரையே தெரியாத கடலில் 40.

நைலில் ஓட்டத்தை எதிர்த்துப் போனாலும் சிரமமில்லை. கோடையின் வடகாற்று பாயை ஊதித் தள்ளிவிடும். பாலைவனத்தில் ஒட்டகங்கள் பெரும்பாலும் இரவில்தான் நடந்தன. பகலில் தண்ணீர் கிடைக்கும் இடமாகப் பார்த்துத் தங்கல்.

வரைபடத்தைப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். செங்கடலின் இன்னொரு துறைமுகமான மியோஸ் ஹோர்மோஸ் கொப்டோஸுக்கு இன்னும் பக்கம். ஒட்டகத்தில் ஆறேழு நாள்தான். பிறகு எதற்கு தெற்கே அவ்வளவு தள்ளிப் பெரனிகே? செங்கடலின் வடபாதியில் வருடம் முழுக்க வடகாற்றுதான். சரக்கோடு திரும்பும் கப்பல் அந்தக் காற்றை எதிர்த்து வாரக்கணக்கில் திண்டாடும். அதற்குப் பதில் தெற்கிலேயே இறக்கி ஒட்டகத்தில் ஏற்றுவது மேல். மியோஸ் ஹோர்மோஸும் ஓயவில்லை. அங்கிருந்து ஆண்டுக்கு 120 கப்பல் இந்தியாவுக்குப் போனதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சொல்கிறார்.

எல்லாச் சூட்சுமமும் புறப்படும் தேதியில் இருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறையிலிருந்து ஜூலையில் கிளம்ப வேண்டும், ஏறக்குறைய நம் ஆடி. அம்மியையே பறக்கவிடும் அந்தத் தென்மேற்குக் காற்றில்தான் கடலைக் கடக்க வேண்டும். முன்கூட்டியே கிளம்பினால் மழை உச்சத்தில் இருக்கும்போது மலபார்க் கரையில் போய் நிற்கும். அலை முகத்துவாரத்தில் நுழையவிடாது. தாமதித்தாலோ காற்று பாதியில் ஓய்ந்துவிடும், பிறகு வாடை எதிரே வரும். சரியாகக் கிளம்பியவர்கள் செப்டம்பர் வாக்கில், காற்று தணியும்போது வந்து சேர்ந்தார்கள். கரை நெருங்குவதற்கு அடையாளம் தண்ணீரில் நெளியும் பாம்புகள் என்று பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. இன்றும் மலபார்க் கடலில் கடல்பாம்பு உண்டு.

முசிறியை ப்ளினிக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் கொள்ளைக்காரர்கள், கப்பல் நிற்பதும் கரைக்குத் தொலைவில், சரக்கைச் சின்னப் படகுகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும். கப்பலில் வில்லாளிப் படையையே ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தனையும் பெரும்பாலும் மிளகுக்காக! பெரனிகே கோயில் ஒன்றில் இந்தியத் தாழிக்குள் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. முசிறியிலிருந்து போன ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) என்று வியன்னாவில் உள்ள பாப்பிரஸ் தாள் ஆவணம் ஒன்று காட்டுகிறது. அதில் நாலில் ஒரு பங்கு சுங்கத்துக்குப் போகும். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலங்களை அகநானூறு 149 பாடுவது இந்த வியாபாரத்தைத்தான்.

திரும்பவும் காற்றைத்தான் நம்ப வேண்டும். டிசம்பரில் கிளம்பலாம், கடைசி நாள் ஜனவரி 13. இன்றைய கணக்கில் பெரும்பாலும் பொங்கலுக்கு முந்தைய நாள். அதுவரை மூன்று மாதம் துறைமுகத்திலேயே காத்திருக்க வேண்டியதுதான். ஆக ஜூனில் அலெக்ஸாண்ட்ரியாவை விட்டவர் ஊர் திரும்ப எட்டு ஒன்பது மாதம். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தது. மூன்றே வருடத்தில், 1872இல், ஆங்கிலேயச் சுற்றுலா ஏற்பாட்டாளர் தாமஸ் குக் ஒரு குழுவை நீராவிக் கப்பலிலும் ரயிலிலுமாக உலகம் சுற்றக் கூட்டிப் போனார். இந்தியாவும் வழியில் இருந்தது. மொத்தம் 222 நாள், அன்று முசிறிக்கு மட்டும் போய்வந்த காலத்தைவிடக் குறைவு.