கறுப்பா இருந்தாலும்

சிகாகோவில் எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறை இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்றபடி ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். ஐந்து வயது மகள் திரையில் எட்டிப் பார்த்ததும் பெரியத்தை சொன்னார்: "பரவாயில்ல, கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா."

எனக்கு முப்பது வருஷமாகச் சொன்ன அதே வாக்கியம். பெண் பார்க்க வந்தவர்களும் இதைச் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடித்தார்கள். நான்கு குளிர்காலம் கழித்தாயிற்று, இந்த ஊர் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு வாக்கியம் என்னைப் பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டது, முகத்தில் பயத்தமாவு காய்ந்து இழுக்க.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மூன்றாம் மாடிப் பாட்டி என்ன ஆச்சு என்று கேட்டார். தெற்கே மிசிசிப்பியிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்த கறுப்பினக் குடும்பம் அவருடையது. சொல்லிப் பார்த்தேன். 'களை'க்கு ஆங்கிலத்தில் வார்த்தை கிடைக்கவில்லை. 'இருந்தாலும்' உடனே கிடைத்தது. "எங்கள் வீட்டிலும் அந்த வார்த்தை இருந்தது" என்றார்.

என் போர்வையின் இரண்டு முனைகளை அவர் பிடித்துக்கொண்டார், மற்ற இரண்டை நான். மடித்துக்கொண்டே பேசினார். அவர் சிறுமியாக இருந்தபோது 'நீக்ரோ' என்பதுதான் மரியாதையான சொல்லாம். 'கறுப்பு' என்று யாராவது சொன்னால் அடிதடிதான். பழுப்புக் காகிதப் பையைவிட நிறம் கூடியவர்களைக் கறுப்பினத்தவரின் சில சங்கங்களிலேயே சேர்க்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறார். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டு வந்தது. உரக்கச் சொல்லு என்று அவர் கூப்பிட, நான் கறுப்பு, அதில் எனக்குப் பெருமை என்று பிள்ளைகள் கூட்டமாகப் பதில் கொடுப்பார்கள். "சண்டை மூட்டிய வார்த்தையைத் தெருவெல்லாம் பாடினோம்" என்றார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே பாடகி நீனா சிமோன் நான்கு கறுப்பினப் பெண்களைப் பற்றிப் பாடியிருந்தார். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம், அந்த நிறத்துக்கென்று ஒரு தலையெழுத்து. அந்தப் பாட்டு இன்னும் பழசாகவில்லை என்றும் சொன்னார்.

கடைசி மடிப்பில் எங்கள் கைகள் சேர்ந்தன. வெள்ளைப் போர்வையின் மேல் என் கைதான் அதிகக் கறுப்பு. ஆனால் இந்த நாட்டுக் கணக்கில் அவர் கறுப்பு, நான் பழுப்பு. அவருடைய மக்கள் பட்ட பாட்டை என்னுடையதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. சரி, அது வேறு. ஆனால் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டில் 'இருந்தாலும்' கிடையாது. அதுதான் மனசை விட்டுப் போகவில்லை.

ராத்திரி மகளைக் குளிக்க வைக்கும்போது அந்தப் பாட்டைப் போட்டேன். மூன்றாவது தடவை, தொட்டிக்குள் இருந்தே பதில் கொடுத்தாள்.

அப்புறம்தான் ஆச்சி நினைவுக்கு வந்தாள். பால் காய்ச்சிய பானையின் அடியைக் கரண்டியால் சுரண்டி, கொஞ்சம் சீனி தூவி, என் உள்ளங்கையில் வைப்பாள். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்பாள். அந்த 'ஏ'யை நன்றாக அழுத்திச் சொல்வாள். அதிலும் 'இருந்தாலும்' இல்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்ததை எப்படி மறந்தேன்?

காந்தல் என்றால் என்ன என்று மகள் கேட்டாள். எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் ஒட்டாத பூச்சுப் போட்ட சட்டிகள். மறுநாள் இந்தியக் கடைகள் இருக்கும் டெவன் அவென்யூவில் அடி கனமான எவர்சில்வர் பானை ஒன்று வாங்கி வந்தேன்.