ஒத்தை சிலிண்டர், ரெண்டு சைலன்சர்

23 ஜூன் 2024, ஞாயிறு

ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு ஜாவா, யெஸ்டி பைக் வைத்திருக்கிறவர்களுக்குத் திருநாள். எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு வண்டியை வெளியே எடுத்துவிடுவார்கள். இந்த வருஷம் அது 14-ஆம் தேதி. மதுரைப் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து, தேனி ரோட்டில் ஆண்டிப்பட்டி கணவாய் வரை போய்வரலாம் என்று பேச்சு. அதற்குள் அப்பாவின் யெஸ்டி ரோடுகிங்கைத் தயார் செய்ய வேண்டும். வேலை நடக்க நடக்க எழுதி வைக்கிறேன். இடையில் காதில் விழும் பழைய கதைகளையும்தான்.

வண்டி 1983-இல் வாங்கியது. அப்பா அப்போது கால்நடை ஆய்வாளர். உசிலம்பட்டி, எழுமலைப் பக்கத்துக் கிராமங்கள் அத்தனைக்கும் இதில்தான் போனார். 250 சிசி. சிலிண்டர் ஒன்றுதான், ஆனால் புகை போக இரண்டு வழி வைத்து, இரண்டு பக்கமும் சைலன்சர் கொடுத்திருப்பான். பார்க்கிறவர்கள் இரட்டை சிலிண்டர் என்றே நம்பிவிடுவார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவாவை 1961-இல் மைசூரில் செய்ய ஆரம்பித்த ஐடியல் ஜாவா கம்பெனி, பிறகு யெஸ்டி என்று தன் பெயரிலேயே விற்றது. 1996-இல் மூடியும் விட்டார்கள். மூடி இத்தனை வருஷம் கழித்தும் அந்த வண்டிகள் ஓடுகின்றன என்றால், அது வைத்திருப்பவர்களும் மெக்கானிக்குகளும் விடாப்பிடியாக நின்றதால்தான்.

இன்று செல்லூர்ப் பட்டறையில் ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் கரி நன்றாகப் படிந்திருந்தது. மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே விடவில்லை. "அலுமினியம்ப்பா, கீறல் விழுந்தா அதுலயே கரி ஏறும்" என்று மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவிக் கொடுத்தார். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து நடுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். கரி செதில் செதிலாக வந்தது. ஒரு மணி நேரத்தில் அடியில் வெள்ளை உலோகம் தெரிய ஆரம்பித்தபோது, பிஸ்டன் தலையில் வார்த்திருந்த அம்புக்குறி மேலே வந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

29 ஜூன், சனி

சைலன்சரின் உள்குழாய்களைக் காஸ்டிக் சோடாவில் ஊறப் போட்டாயிற்று. பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற பாயிண்ட்டைத் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி சரி பார்த்தோம்.

பட்டறைக்கு வந்த கல்லூரிப் பையன் ஒருவன், "அண்ணே, கிக்கர் எங்கண்ணே?" என்று தேடினான். இந்த வண்டியில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றே. இடது பக்கம் இருக்கிற லீவரை உள்ளே அமுக்கி மேலே தூக்கினால் கிக்கர். உதைத்து ஸ்டார்ட் ஆனதும் முன்னால் இறக்கிவிட்டால் கியர். இன்னொரு வசதியும் உண்டு. கியரை மிதிக்கும்போதே கிளட்ச் தானாக விலகிக் கொடுக்கும், கையால் பிடிக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு இது பெரிய உதவி. தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பிளாஸ்க்கை இடது கையால் அணைத்துக்கொண்டே குண்டும் குழியுமான ரோட்டில் கியர் மாற்றிப் போவார். வெக்கை நோய்க்கும் கோமாரிக்கும் அவர் போட்ட ஊசி மருந்தெல்லாம் சூடேறாமல் ஊர் போய்ச் சேர்ந்ததில் மைசூர்க்காரன் போட்ட அந்தக் கிளட்ச்சுக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

3 ஜூலை, புதன்

சோழவந்தானில் ஒரு வெற்றிலை வியாபாரி வீட்டில் பழைய ஜாவா நிற்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பெரியவருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். வண்டியைப் பற்றிக் கேட்டதுமே குரல் ஏறிவிட்டது.

"கொடிக்கால்ல முதல்நாள் கிள்ளுன வெத்தலை. ஈரச்சாக்குல சுத்தி ரெண்டு பக்கமும் கட்டிருவேன். மூணு மணிக்கு எந்திரிச்சா வெள்ளி முளைக்க மதுரை. லைட்டு 6 வோல்ட்டுய்யா. மெதுவாப் போனா வெளிச்சம் மங்கும். முறுக்குனாத்தான் ரோடு தெரியும். அதனால இருட்டுல வேகமாப் போவேன், விடிஞ்சதும் மெதுவாப் போவேன்!"

வைகைக் கரையோரம் பனி இறங்கும் மார்கழியில், கூட உட்கார்ந்து வந்த தம்பி வெற்றிலை மூட்டையில் சாய்ந்து தூங்கிவிடுவானாம். விழுந்துவிடாமல் இருக்க அவன் துண்டைத் தன் இடுப்போடு சேர்த்து முடிந்துகொள்வாராம். தம்பி இப்போது இல்லை. வண்டியை விற்கச் சொல்லி வீட்டில் கேட்கிறார்களாம். "வித்துட்டு நான் என்னத்தப் பாக்க?" என்றார்.

7 ஜூலை, ஞாயிறு

திருமங்கலத்து அத்தை வீட்டில் மாமாவின் யெஸ்டி இருக்கிறது. மாமா போன பிறகும் அத்தை அதைக் கொடுக்கவில்லை. நான் போனதும் துணியை விலக்கிக் காட்டினார். பின் சீட்டுக்கு இடது பக்கம் சேலை கார்டும், கால் வைக்கிற பலகையும் அப்படியே இருந்தன. அந்தப் பலகையில் ரப்பர் ஒரு ஓரத்தில் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அத்தை கால் வைத்த இடம்.

"மாமா ஓட்டும்போது எனக்கு ரோடே தெரியாதுடா. அவரு முதுகுதான் தெரியும். ஆனா சத்தத்த வச்சே எந்த ஏத்தத்துல போறோம்னு சொல்லிருவேன். கியர இறக்குனா கப்பலூர் மேடு" என்றார்.

இத்தனை பேரிடம் பேசியதில் எனக்கு ஒன்று உறைத்தது. எவ்வளவு வேகம் போனேன் என்று எவரும் சொல்லவில்லை. கூட யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறார்கள். வெற்றிலைக்காரருக்குத் தம்பி. அத்தைக்கு மாமாவின் முதுகு. எனக்கு டேங்க் மேல் உட்கார்ந்து பிடித்துக்கொண்ட ஹேண்டில் பார், இரண்டு பக்கமும் அப்பாவின் கைகள். வண்டி விற்பவர்கள் விளம்பரத்தில் குதிரைசக்தியை எழுதுகிறார்கள். வைத்திருந்தவர்கள் மனதில் நிற்பது வேறு.

9 ஜூலை, செவ்வாய்

முன்பெல்லாம் எந்த பங்க்கிலும் பெட்ரோல் பம்ப்புக்குப் பக்கத்தில் 2டி ஆயிலுக்கென்று, அதாவது இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பெட்ரோலில் கலக்கிற ஆயிலுக்கென்று, கையால் அடிக்கிற சின்ன பம்ப் நிற்கும். இப்போது அதைத் தேட முடியாது. டப்பாவாக வாங்கி வந்து, லிட்டருக்கு 40 மில்லி கணக்கில் நானே கலந்தேன். இந்த இன்ஜினில் பெட்ரோல் நேராக மேலே போவதில்லை. முதலில் அடியில் கிராங்க் அறைக்குள் வந்துதான் சிலிண்டருக்கு ஏறும். அதனால் அங்கே தனியாக ஆயில் தேக்க முடியாது, பெட்ரோலோடு சேர்ந்து வருகிற ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயிர். அது எரிந்து வெளியே வருவதுதான் அந்த நீலப்புகை. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக இந்த வகை இன்ஜின்கள் ரோட்டை விட்டுப் போனது நியாயம்தான். ஊர்க்காற்றுக்கு அது நல்லது. அதற்காக அந்த வாசனை மேல் உள்ள பிரியத்தை நான் மறைக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் செல்லூரிலிருந்து கூடல்நகர் வரை ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றினேன். டீ நிறத்தில் இருந்தது. கருப்பாகப் பிசுபிசுத்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்தால் குறைவு. இனி கார்புரேட்டரைத் தொடவேண்டாம் என்று அண்ணன் உத்தரவு.

12 ஜூலை, வெள்ளி

அப்பா இன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டார். "இடது சைலன்சர்ல ஜாயின்ட் லீக் ஆகுது பாரு" என்றார். போய்க் கையை வைத்துப் பார்த்தால் ஆமாம், மெல்லிசாகக் காற்று வருகிறது. இந்த மாடல் வந்தது 1978-இல். 83-இல் வாங்குவதற்குள் ஊரில் இருந்த ரோடுகிங் ஒவ்வொன்றின் சத்தமும் தனக்குத் தெரியும் என்றார். எழுமலைப் பக்கம் ஊருக்குள் வண்டி நுழைவதற்கு முன்பே, "மாட்டு டாக்டர் வந்துட்டாரு" என்று மாடுகளை அவிழ்த்து வேப்பமரத்தடிக்கு ஓட்டிவந்து விடுவார்களாம். அவர் டாக்டர் இல்லை, ஆய்வாளர்தான். ஆனால் அந்த ஊர்களில் கடைசிவரை அவர் மாட்டு டாக்டர்தான்.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கிய ஒரு நாளையும் பேசினோம். அம்மா பின்னால், நான் முன்னால். இறக்கத்தில் த்ராட்டிலை மூடியே வைத்திருந்தால் பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. சக்கரமோ இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ள அதுவே போதும். அதனால் அப்பா வளைவுக்கு வளைவு கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விடுவார். எனக்கு அப்போது காரணம் தெரியாது, அப்பா மலையோடு பேசிக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். இன்று சொன்னபோது அம்மா அடுப்படியிலிருந்தே, "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

14 ஜூலை, ஞாயிறு

காளவாசலில் சேர்ந்து ஆறரைக்குக் கிளம்பினோம். புறப்படும் நேரத்தில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, ஹெல்மெட்டோடு வந்து நின்றார். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நாகமலைப்புதுக்கோட்டை தாண்டியதும் ரோடு திறந்துவிட்டது. செக்கானூரணியில் ஒரு டீ. கருமாத்தூர் தாண்டியதிலிருந்து எதிர்காற்று. ஆடி பிறக்க இன்னும் மூன்று நாள் இருக்கும்போதே தேனிப் பக்கமிருந்து காற்று தள்ளுகிறது. மூன்றாவது கியரில் இறக்கினால் வண்டி நிமிர்ந்து இழுத்தது. வரிசையில் நான்காவதாகப் போனோம். முன்னால் போன வண்டிகளின் புகை காற்றில் கலைந்து முகத்தில் அடித்தது. அப்பா என் தோளில் கை வைத்திருந்தார். கியர் மாற்றவேண்டிய இடம் வந்தால் அந்தக் கை லேசாக அழுத்தும், நான் மாற்றுவேன். உசிலம்பட்டி வரை ஒரு தடவைகூட அவர் சொன்ன இடம் தப்பவில்லை.

கணவாய்க்கு முன்னால் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். போடி ரயில் பாதை இந்த ரோட்டை ஒட்டியே வரும். மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பரோடு நின்று, அகலப்பாதையாகி 2022 மே மாதம் தேனி வரை திரும்ப வந்தது. அந்தப் பழைய ரயிலில் போகிறவர்கள் ஜன்னலிலிருந்து கையாட்டுவார்கள், இவர் ஹாரன் அடித்துவிட்டுப் போவார் என்று அப்பா பையன்களிடம் கதை சொன்னார். இருபது வயதுப் பையன்கள். சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவன் அப்பாவைக் கிக்கர் போட்டுக் காட்டச் சொன்னான். முழங்கால் வலிக்காரர், வேண்டாம் என்று நான் தடுப்பதற்குள் இடது பக்கம் போய் நின்று லீவரை மேலே தூக்கிவிட்டார். ஒரே உதை. பையன்கள் கைதட்டினார்கள். அப்பா லீவரை இறக்கிவிட்டு, "பாயிண்ட் நல்லா வச்சிருக்கான்" என்று என்னைக் காட்டினார். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் வாயால் கேட்ட பெரிய பாராட்டு அதுதான்.

16 ஜூலை, செவ்வாய்

சைலன்சர் ஜாயின்ட்டுக்குப் புது கேஸ்கட் போட்டாயிற்று, லீக் நின்றது. செயின் தளர்ந்திருக்கிறது, சக்கரத்தை இன்னும் பின்னால் தள்ள இடமில்லை, மாற்றத்தான் வேண்டும். அப்பா எழுமலைக்கு ஒரு நடை போகவேண்டும் என்கிறார். அங்கே அவரோடு வேலை பார்த்த கம்பவுண்டர் இருக்கிறாராம். போன் போட்டு வருகிறோம் என்று சொல்லியும் விட்டார். "வண்டியிலதானய்யா வர்றீக?" என்றுதான் அவர் முதலில் கேட்டிருக்கிறார். காற்று கொஞ்சம் அடங்கட்டும், செயினும் வரட்டும் என்று அப்பாவை நிறுத்தி வைத்திருக்கிறேன்.