விதை வைரஸும் மைனஸ் 20 ஃப்ரீசரும்

தடுப்பூசிக்கான விதை வைரஸை (தடுப்பூசி வைரஸைப் பெருக்க எடுக்கும் மூல இருப்பை) எங்கே வைப்பது என்றால், யோசிக்காமல் வரும் பதில் "ஃப்ரீசரில்". எந்த ஃப்ரீசர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தட்டம்மை, ஆர்எஸ்வி (சுவாசத் தொற்று தரும் ஒரு வைரஸ்) போன்ற கொழுப்பு உறையுள்ள வைரஸ்களுக்கு மைனஸ் 20 ஆகவே ஆகாது. சில நாள் வைக்க 4 டிகிரியே மேல்.

காரணம் உப்பு. சோடியம் குளோரைடு கரைசல் முழுதாக உறைய மைனஸ் 21-க்குக் கீழே போகவேண்டும். மைனஸ் 20-ல் தண்ணீர் பனிக்கட்டியாகப் பிரிந்துவிட, மிச்சம் கெட்டியான உப்புநீராக நிற்கும். வைரஸ் சிக்கிக்கொள்வது அதில்தான். சோடியம் பாஸ்பேட் பஃபர் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) என்றால் இன்னொரு தொல்லை: டைசோடியம் உப்பு முதலில் படிகமாவதால், நடுநிலையில் இருந்த பிஹெச் 4-ஐ ஒட்டிச் சரியும். பொட்டாசியம் பாஸ்பேட்டில் இந்தச் சரிவு குறைவு. பனி படியாத வகை ஃப்ரீசர் இன்னும் மோசம். பனியை உருக்க அது அவ்வப்போது தானே சூடேறும்.

போலியோ சொட்டு மருந்து இதற்கு விலக்கு. அந்த வைரஸுக்கு உறை கிடையாது. 1 மோலார் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்தால் மைனஸ் 20-ஐத் தாராளமாகத் தாங்கும்.

மற்றவற்றுக்கு: அறுவடையை (செல்களில் வளர்ந்த வைரஸ் திரவத்தை) சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி செல் துணுக்குகளை நீக்கி, சுக்ரோஸ் 7 முதல் 10 சதவீதம் வரும்படி கலக்கவும். அரை மில்லி, ஒரு மில்லியாகப் பிரித்து, ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டைஆக்சைடு)-எத்தனால் கலவையில் சட்டென உறையவைத்து மைனஸ் 70-க்கு மாற்றவும். பெரிய பாட்டிலில் மொத்தமாக உறையவைத்தால் நடுப்பகுதி மெதுவாகத்தான் உறையும். தேவைப்படும்போதெல்லாம் முழுதையும் உருக்கவும் வேண்டியிருக்கும். உருக்குவது 37 டிகிரி நீரில், வேகமாக. ஒரு துளி பனி மிச்சமிருக்கும்போதே எடுத்து ஐஸ் மேல் வைத்துவிடுங்கள். மறுபடி உறையவைக்க வேண்டாம்.

ட்ரை ஐஸில் வந்த குப்பியைக் கையோடு திறக்காதீர்கள். மூடி சரியாக இறுகாமல் இருந்தால் கார்பன் டைஆக்சைடு உள்ளே புகுந்திருக்கும், உருகும்போது திரவம் அமிலமாகிவிடும். மைனஸ் 70-ல் ஒரு நாள் வைத்தால் வாயு வெளியேறிவிடும்.

உறையவைக்கும் முன்பும், ஒரு வாரம் கழித்தும் டைட்டர் (தொற்றும் திறனுள்ள வைரஸின் அளவு) பாருங்கள். ஒரே மாதிரியை இருமுறை அளந்தாலே 0.3 லாக் (ஒரு லாக் என்றால் பத்து மடங்கு) மாறுவது சகஜம். அரை லாக்குக்கு மேல் விழுந்திருந்தால் முதலில் பஃபரைச் சந்தேகியுங்கள், அப்புறம் உறைந்த வேகத்தை.