ஃபுல் கொலாப்ஸ்: கெயினைக் குறைத்தால்தான் அந்த ஒலி வரும்

அமெரிக்க ராக் குழுவான தர்ஸ்டேயின் ‘ஃபுல் கொலாப்ஸ்’ ஆல்பம் 2001-இல் விக்டரி ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில், வீடுகளின் பேஸ்மென்ட்டில் வாசித்து வளர்ந்த குழு. தயாரிப்பு சால் வில்லனுவேவா. மெலடிக் போஸ்ட்-ஹார்ட்கோர் (பங்க் ராக்கின் ஆவேசத்தோடு மெலடியும் கலந்த பாணி) வாசிக்கத் தொடங்குகிறவர்கள் பலரும் இந்த ஆல்பத்தின் ஒலியைத்தான் பிடிக்கப் பார்க்கிறார்கள். பிடிக்க ஆம்பில் கெயினை, அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை, ஏற்றுகிறார்கள். பாதி அங்கேயே கெட்டுவிடுகிறது.

டாம் கீலி, ஸ்டீவ் பெடுல்லா இருவரின் கிட்டார்களையும் தனித்தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒன்று ஆக்டேவில் (ஒரே ஸ்வரம் கீழும் மேலுமாக இரண்டு ஸ்தாயியில்) மெலடியை இழுத்துக்கொண்டு போகும்போது இன்னொன்று பெரும்பாலும் வேறு வேலையில் இருக்கும்: ஒற்றை ஸ்வரங்களாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஒலிக்கவிட்டு வாசிப்பது. டிஸ்டார்ஷன் (கெயின் ஏற்றும்போது வரும் கரகரப்பு) வழியே இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து போனால், அவற்றின் கூட்டலும் வித்தியாசமுமாகப் புதிய அதிர்வெண்கள் முளைக்கும். ஆக்டேவிலும் ஐந்தாம் இடைவெளியிலும் இவை இசைந்து நிற்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் கூழாகிவிடும். அதனால் ஆக்டேவ் கிட்டாருக்குக் கெயின் 10-க்கு 5 போதும், பிரித்து வாசிப்பதற்கு 3. தனியாகக் கேட்டால் சப்பென்றிருக்கும். இருக்கட்டும், பேஸும் டிரம்ஸும் சேர்ந்ததும் சரியாகிவிடும்.

ஆக்டேவ் பிடிப்பது இப்படி: ஆள்காட்டி விரல் 5-ஆம் கம்பியில் 5-ஆவது ஃப்ரெட், மோதிர விரல் 3-ஆம் கம்பியில் 7-ஆவது ஃப்ரெட். இரண்டும் டி. நடுவில் உள்ள 4-ஆம் கம்பியை ஆள்காட்டி விரலின் அடிப்பக்கமும், 6-ஆம் கம்பியை அதே விரலின் நுனியும் லேசாகத் தொட்டு அடக்கவேண்டும். 1, 2 கம்பிகள் மீது அதே விரல் படுத்துக்கிடந்தால் போதும். இந்த அடக்கம் சரியாக இருந்தால் வலக்கை எவ்வளவு வேகமாக வீசினாலும் இரண்டு ஸ்வரம்தான் கேட்கும்.

சரியாகப் பிடித்தும் ஆக்டேவ் அலைபாய்ந்தால் கோளாறு இன்டோனேஷனில், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பதில். 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியதன் சுருதி ஏறியிருந்தால், பிரிட்ஜில் கம்பி தங்கும் துண்டான சேடிலைப் பின்னால் தள்ளி கம்பியின் நீளத்தைக் கூட்டவேண்டும். டிராப் டி-யில் (6-ஆம் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கிய சுருதியில்) வாசிப்பவர்கள் அந்தக் கம்பியை 0.046 அங்குலத் தடிமனிலிருந்து 0.052-க்கு மாற்றுவது நல்லது. தளர்ந்த மெல்லிய கம்பி ஓங்கி அடித்த கணத்தில் சுருதி ஏறிவிட்டுப் பிறகு இறங்கும்.

பதிவு செய்யும்போது ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை வாசித்து, இடது வலதாகப் பிரித்து வைக்கவேண்டும். ஒரே டேக்கைக் காப்பி செய்தால் ஒலி நடுவிலேயேதான் நிற்கும். காப்பியை 15 மில்லி செகண்ட் தள்ளி வைத்தால் மோனோவில் (இடது வலது ஒன்றாகக் கலந்து) கேட்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஓட்டையாகும். 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டாரை வெட்டிவிடுங்கள், அது பேஸின் இடம். 800 ஹெர்ட்ஸை ஒட்டிய மிட்ஸை (நடு அதிர்வெண்களை) மட்டும் தொடாதீர்கள். மெட்டல் பழக்கத்தில் அதைக் குடைந்தெடுத்தால் மெலடியே காணாமல் போகும்.

பேஸ் கிட்டாரை விரலால் அல்ல, பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வாசிக்கவேண்டும். சிக்னலை இரண்டாகப் பிரித்து, 200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதற்கு மட்டும் டிஸ்டார்ஷன்.

இனி குரல். அறிமுகத் துணுக்குக்குப் பின் வரும் முதல் முழுப் பாட்டிலேயே பாடலும் அலறலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகின்றன. பாடகர் ஜெஃப் ரிக்லியின் பாட்டில் சுருதி அங்கங்கே நழுவும். அந்தப் பதற்றம்தான் இந்த ஆல்பத்தின் உயிர் என்பேன். ட்யூனிங் மென்பொருளால் நேராக்கினால் வேறு ஏதோ ஆகிவிடும். மிக்ஸில் பாட்டை நடுவில் வையுங்கள், அலறலை 6 டெசிபல் இறக்கிச் சற்று ஒதுக்குங்கள். அலறலில் ஏற்ற இறக்கம் ஏற்கெனவே குறைவு, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரில் அதை மேலும் அழுத்தினால் மூச்சு மட்டும் மேலே வரும். அலறும்போது தொண்டை அரித்தாலோ இருமல் வந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சரியான முறையில் மூச்சைத் தாங்குவது வயிறு, கரகரப்பு குரல்நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளிலிருந்து வரும்.

மேடையில் இன்னொன்று: மைக்கின் தலையைக் கையால் பொத்திக்கொண்டு அலறாதீர்கள். பின்பக்கத் துவாரங்கள் அடைபட்டால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கும், மானிட்டர் ஊளையிடும். கம்பிவலைக்குக் கீழே, கைப்பிடியில் பிடியுங்கள்.