பொட்டு வைத்தால் போதாது, பெட்ரோலையும் வடிக்கணும்

போன வருஷம் ஆயுத பூஜைக்குப் பவர் வீடரை, அதான் களை எடுக்கிற சின்ன பெட்ரோல் வண்டியை, கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டிலில் வாழைக்கன்றும் கட்டி (அந்தச் சின்ன வண்டிக்கு வாழைக்கன்று கட்டினால் வண்டியே தெரியாது, ஆனாலும் அப்பா விடமாட்டார்), கொட்டகை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தேன். டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கொல்லையில் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும், அங்கே வீடருக்கு என்ன வேலை? மழை விட்டு, பொங்கலும் கழிந்து, தென்னைக்கு நடுவில் கோரை முழங்கால் உயரத்துக்கு நிற்கிறதே என்று போய்க் கயிற்றை இழுத்தால், வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

நாற்பது தடவையாவது இழுத்திருப்பேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி "சோக்கைப் போட்டியாடா?" என்றார். போட்டேன்ப்பா. "பெட்ரோல் இருக்கா பாரு." இருக்குப்பா. "அப்ப இழு." தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

மறுநாள் நீடாமங்கலத்திலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். கயிற்றைத் தொடவே இல்லை. டாங்க் மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்தார், அப்புறம் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து கார்புரேட்டருக்கு அடியிலிருக்கும் கிண்ணத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளே இருந்தது வடிகட்டாத டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. லேசாகச் சாய்த்தால் அடியில் தனியாக ஒரு தண்ணீர்க் குமிழ், சேப்பங்கிழங்கு இலை மேல் விழுந்த துளி மாதிரி, இங்கும் அங்கும் உருண்டது. கிண்ணத்தின் சுவரில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி. பெட்ரோல் போகிற பொடி ஓட்டை உள்ள பித்தளை ஜெட், பூஜைச் சாமான் புளி போடாமல் கிடந்தால் ஆகுமே, அந்தப் பச்சை. அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சமே வரவில்லை. "தம்பி, வண்டி கெடல, உள்ள இருக்கிற பெட்ரோலுதான் கெட்டுப்போச்சு" என்றார். எண்ணூற்றைம்பது ரூபாய் ஆனது, அரை நாள் போனது.

ரொம்ப நாள் நிறுத்தும் முன் பெட்ரோலை வடிக்கணும் என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அது 'குளிர்காலத்துக்கு முன்' என்று தலைப்புப் போட்டிருக்கிறதா, நமக்கு ஏது குளிர்காலம் என்று நான் புரட்டியே பார்க்கவில்லை. அமெரிக்கா மாதிரி நாடுகளில் வீட்டுத் தோட்டத்துக்கே சின்ன டிராக்டர் வைத்திருப்பார்கள், புல் வெட்ட. பனி விழ ஆரம்பித்தால் மறுபடி புல் முளைக்கும் வரை நாலைந்து மாதம் அது ஷெட்டில் சும்மா நிற்கும். அவர்களுக்கு நவம்பரில் பனி, நமக்கு அதே நவம்பரில் அடைமழை. நிற்கிற காலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வித்தியாசம், நமக்குக் குளிரால் வருகிற தொல்லை இல்லை, ஈரக்காற்றால் வருகிறது.

இப்போது பங்க்கில் நாம் வாங்குகிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டது, 2025-ல் 20 ஆகிவிட்டது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் உடைந்த அரிசியிலிருந்தும் எடுக்கிறார்கள், அதாவது நாம் விளைவிக்கிற சாமான்தான் சுற்றி வந்து நம் கார்புரேட்டரில் உட்கார்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீரின் மேல் ஆசை அதிகம். டாங்க் மூடியிலிருக்கும் காற்றுத் துளை வழியாக வருகிற ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஓர் அளவு வரைக்கும் கலந்தே இருக்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். இஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அடியிலிருந்துதானே, அதனால் முதல் இழுப்பிலேயே அது குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

எத்தனால் மேலேயே பழியைப் போடவும் முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பெட்ரோலில் எத்தனால் இவ்வளவு கிடையாது. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது, பெரியப்பா வீட்டில் ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தது, ஊரே போனில் சார்ஜ் போட வயரோடு வாசலில் நின்றது, அது ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு வருஷத்துக்கு முந்திய பெட்ரோல். இலேசான பகுதி எல்லாம் ஆவியாகிப் போய், மிச்சம் பிசின் மாதிரி ஜெட்டை அடைத்துக்கொண்டிருந்தது. ஜெனரேட்டருக்கு வேறு கணக்கு, அது மழைக்காலத்தில்தான் தேவைப்படும். பெரியப்பா இப்போது டாங்கைக் காலியாக வைத்திருந்து, புயல் என்று செய்தி வந்ததும் புதுப் பெட்ரோல் வாங்குகிறார்.

சரி, இந்த வருஷம் நான் செய்ததைச் சொல்கிறேன். பூஜையன்றே செய்யவில்லை, கற்பூரமும் விளக்கும் எரிகிற இடத்தில் பெட்ரோல் வடிப்பது நல்லதில்லை. மறுநாள் காலையில் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி, சூடு இல்லாதபோது, டாங்கிலிருந்து வருகிற ட்யூபைக் கழற்றிப் பெட்ரோல் கேனில் விட்டேன். டாங்க் மூன்றரை லிட்டர் பிடிக்கும், ஒன்றரை லிட்டர் வந்தது, மூன்று வாரப் பெட்ரோல்தான் என்பதால் அதைப் பைக்கில் ஊற்றிவிட்டேன். ட்யூபை மாட்டிவிட்டு, மிச்சத்தில் வண்டியை ஓடவிட்டேன். ஒரு நிமிஷம் நன்றாக ஓடி, அப்புறம் விக்கி விக்கி நின்றது. பலரும் இதோடு போதும் என்று விட்டுவிடுகிறார்கள், போன வருஷம் எனக்குத் தெரிந்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். தானாக நின்ற பிறகும் கிண்ணத்தில் ஒரு டீஸ்பூன் அளவாவது தங்கும். ஜெட்டை அடைக்க அது போதும். கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தியதும் அது சொட்டுச் சொட்டாக இறங்கியது.

அடுத்தது பிளக். கழற்றி, துளையில் ஒரு டீஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு தடவை இழுத்தேன், பிளக்கைத் திரும்ப மாட்டி, கயிறு கனக்கிற இடத்தில் நிறுத்தினேன். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. பிளக் வயரைச் செருகவில்லை.

பெட்ரோல் கெடாமல் இருக்க ஊற்றுகிற மருந்து ஒன்று இருக்கிறது, மேல்நாட்டுக்காரர்கள் டாங்கை நிரப்பி அதை ஊற்றி, கார்புரேட்டர் வரைக்கும் போகும்படி சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவார்கள். புதுப் பெட்ரோலில் ஊற்றினால்தான் பிரயோஜனம், கெட்டதை அது நல்லதாக்காது. இங்கே கடையில் கேட்டேன், என்னை விநோதமாகப் பார்த்தார்கள். மூன்றரை லிட்டர் டாங்குக்கு அது எதற்கு, வடித்துவிட்டால் போச்சு.

மாமாவிடம் மினி டிராக்டர் இருக்கிறது, டீசல். நான் சொன்னதைக் கேட்டு அவரும் வடிக்கக் கிளம்பினார், ஓடிப்போய் நிறுத்தினேன். டீசலுக்கு நேர் எதிர்: டாங்கைக் கழுத்து வரை நிரப்பி வைக்கணும். காலி இடம் இருந்தால் ராத்திரி ஈரம் உள்சுவரில் வேர்த்து, தண்ணீர் அடியில் சேர்ந்து துருப்பிடிக்கும், டீசலிலும் பாசி மாதிரி ஒன்று வளரும். வடித்தாலோ பைப்பில் காற்று ஏறி, தையில் ஏர்லாக் எடுத்தே நொந்துவிடுவோம். ஃபில்டருக்கு அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை மட்டும் வடித்துவிடுங்கள் மாமா என்றேன். "பெட்ரோலுக்கு ஒண்ணு, டீசலுக்கு ஒண்ணா?" என்று சலித்துக்கொண்டார், ஆனால் மறுநாளே கேனோடு பங்க்குக்குப் போனார்.

மழை பிடித்துக்கொண்டால் எலி வரப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வரும், பெட்ரோல் ட்யூப் என்றால் கடித்துப் பார்க்காமல் விடாது. ட்யூபும் விறைத்துப் போயிருந்தது, எத்தனால் தாங்குகிற ரகமாகக் கேட்டு அரை அடி வாங்கி மாற்றினேன். குளவி இன்னொரு கூத்து. சைலன்சர் ஓட்டையைப் பார்த்தால் மண் வைத்து அடைத்துக் குடித்தனம் தொடங்கிவிடும். அதனால் பழைய வேட்டித் துணியைச் சுருட்டிச் செருகியிருக்கிறேன். தார்ப்பாயை இறுக்கிக் கட்டவில்லை, கீழே காற்றுப் போக விட்டிருக்கிறேன்.

தையில் நான் ஊரில் இல்லாவிட்டால் அப்பா யாரையும் கேட்காமல் கயிற்றைப் பிடித்து இழுப்பார். அதனால் அட்டையில் எழுதி, கயிற்றுப் பிடியிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்: 'டாங்க் காலி. பிளக் வயர் மாட்டவில்லை. சைலன்சரில் துணி இருக்கு.' நேற்று பார்த்தேன், அதற்குக் கீழே அப்பா பேனாவில் எழுதியிருக்கிறார்: 'சோக் போடவும்.'